தென்காசி என்று ஒரு வரி

"கிடங்கு நலமா" என்று தட்டினால் கறுப்புத் திரையில் "நலம்" என்று பதில் வரும். ஒரே சொல். இரண்டு வருஷமாக அந்தச் சொல் பச்சைப் பொய்யாக வந்துகொண்டிருந்தது. அதை அப்படிச் சொல்லவைத்தது யார் என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி, அந்தப் பொய்யை அதற்குச் சொல்லிக்கொடுத்த எஸ்கலின். இன்னொருவர் அவள் புருஷன் லிவிங்ஸ்டன். லிவிங்ஸ்டனுக்கு இப்போது தெரியாது. நாற்பத்தொரு நாளைக்கு முன்னால் அதை அவர் தலையிலிருந்து அவள் எடுத்துவிட்டாள்.

எடுத்துவிட்டாள் என்றால் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. வெள்ளைக் காய்ச்சல் வந்து பிழைத்தவர்களுக்குப் புதிதாக எதுவும் தலையில் தங்காது. தூங்கி எழுந்தால் நேற்று போயே போச்சு. அவர்களுக்காகத்தான் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்தார்கள். பகலெல்லாம் கண்டதையும் கேட்டதையும் பொட்டு வாங்கி வைத்துக்கொள்ளும். ஆள் கண்ணயர்ந்ததும் நாள் கிடங்குக்கு அனுப்பிவிடும். விழிக்கிறபோது, காய்ச்சலுக்குப் பின் சேர்ந்த நாள்களையெல்லாம் கிடங்கிலிருந்து வாங்கித் தலைக்குள் விடும். ஒரு ஆளின் ஒரு நாள், கிடங்கில் ஒரு கோப்பு. கோப்புக்கு மூன்று பிரதி. மூன்றும் ஒரே ஊரில் இருக்கக் கூடாது, குறைந்தது இரண்டு ஊரிலாவது இருக்க வேண்டும். ஓர் ஊர் போனாலும் ஆள் பிழைத்துக்கொள்ளட்டும் என்றுதான் அப்படி.

லிவிங்ஸ்டன் பாளையங்கோட்டையில் மோட்டார் காயில் கட்டுகிறவர். கல்யாணமான மூன்றாம் மாதம் காய்ச்சல் வந்தது. ஆக, எஸ்கலினோடு அவர் வாழ்ந்த ஆறு வருஷமும் கிடங்கில்தான் இருந்தது. அவள் திருநெல்வேலிக் கிடங்கில் முதன்மை இயக்குபவளாக வேலைக்குச் சேர்ந்ததே அதைக் காவல் காக்கத்தான்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி என்று மூன்று கிடங்கு. காகிதத்தில் அப்படித்தான். தென்காசிக் கட்டடம் கூரை போடாமலேயே நின்றுபோனது. அங்கே போக வேண்டிய ஏழாம் அடுக்கு, ஆளுயரப் பெட்டி நிறையச் சேமிப்புத் தட்டுகளோடு, தூத்துக்குடிக் கிடங்கின் அடித்தளத்தில் தற்காலிகமாக இறங்கியது. உடனே திரை முழுக்கச் சிவப்பு. ஒரே கட்டடத்தில் எல்லாப் பிரதியும் கிடக்கிறது என்று எட்டாயிரம் எச்சரிக்கை. மறுநாள் துறைச் செயலாளர் பார்வையிட வருகிறார். தூத்துக்குடிப் பொறுப்பாளர் அருளப்பன் போனில் அழாத குறை.

"எம்மா, இப்படிச் செவசெவன்னு நின்னா அவிய என்னைத்தானே கேப்பாவ? கட்டடம் முடியலன்னா நான் என்ன செய்ய?"

எஸ்கலின் யோசித்தாள். எந்த அடுக்கு எந்த ஊரில் இருக்கிறது என்று இயந்திரத்துக்குத் தானாகத் தெரியாது. மனுசர் எழுதி வைக்கிற இட அட்டவணையைப் பார்த்துத்தான் அதற்குத் தெரியும். அட்டவணையைத் திறந்தாள். ஏழாம் அடுக்குக்கு எதிரே "தூத்துக்குடி" என்று இருந்ததை "தென்காசி" என்று மாற்றினாள். சிவப்பெல்லாம் மறைந்தது. நலம். இரண்டு வாரம்தானே, கட்டடம் முடிந்ததும் பெட்டி அங்கே போய்விடும், பொய் தானாக உண்மையாகிவிடும் என்று நினைத்தாள். தொந்தரவு செய்கிற எச்சரிக்கையை வாயடைத்துவிட்டு வீட்டுக்குப் போவது இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான்.

ஆனால் அவள் இன்னொரு வரியும் தட்டினாள். எல்லாருக்கும் மூன்று பிரதி, லிவிங்ஸ்டனுக்கு மட்டும் ஐந்து. அதில் மூன்று தன் கண்முன்னால், திருநெல்வேலியில். மற்ற இரண்டில் ஒன்று ஏழாம் அடுக்கில். அட்டவணை பொய் என்று தெரிந்தவள் தன் வீட்டுச் சொத்தை மட்டும் பத்திரப்படுத்திக்கொண்டாள். அன்றைக்குச் சாயங்காலம் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது இரண்டையும் அவரிடம் சொன்னாள். அவர் "ம்" என்றார். அவ்வளவுதான்.

அந்த "ம்" அவளை இரண்டு வருஷம் அரித்தது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பல் விளக்கும்போதோ சட்டைக்குப் பொத்தான் போடும்போதோ, "தென்காசி முடிஞ்சிட்டா எஸ்கா?" என்று கேட்பார். அவள் "இன்னும் இல்ல" என்பாள். வேறு ஒன்றும் கேட்க மாட்டார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற மனுசர், மனசுக்குள் தன்னை என்னமாய்ச் சபிக்கிறாரோ என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

இரண்டு வாரம் இரண்டு வருஷமானது. கார்த்திகைப் புயலில் கடல் ஊருக்குள் ஏறியது. தூத்துக்குடிக் கிடங்கு ஒரு மணி நேரத்தில் முங்கியது. உள்ளே நின்ற அருளப்பனும் போனார். இரண்டு ஊரில் இருப்பதாக இயந்திரம் நம்பிக்கொண்டிருந்த பிரதிகள் அத்தனையும் அந்த ஒரே கட்டடத்தில். நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு, காய்ச்சலுக்குப் பிந்தைய வாழ்க்கை ஒரு பிரதிகூட மிச்சமில்லாமல் போனது.

சேதி வந்த காலையில் அலுவலகமே தூத்துக்குடிக்கு ஓடியது. எஸ்கலின் மட்டும் திரை முன்னால் இருந்தாள். விசாரணை வரும். வந்தால் லிவிங்ஸ்டன் பொய் சொல்ல மாட்டார், அது அவளுக்குத் தெரியும். தென்காசி பற்றிப் பேசிய நாள்களைத் தேடினாள். பதினொன்று. எதையும் அழிக்கும் முன் பக்கத்தில் ஒருவர் அந்த வரியைச் சத்தமாக வாசித்து, சரியென்றால் "அடி" என்று சொல்ல வேண்டும். ஒத்து வாசிப்பு என்று அதற்குப் பெயர், அந்த அறையில் அது வேதம். பக்கத்தில் யாரும் இல்லை. அவளே வாசித்தாள். "அடி" என்று அவளே சொல்லிக்கொண்டாள். அடித்தாள். ஐந்து பிரதியையும் பழையபடி மூன்றாக்கினாள். மத்தியானமே உத்தரவு வந்துவிட்டது: மறு உத்தரவு வரும்வரை எவரும் எதையும் அழிக்கக் கூடாது, அழிக்கும் சாவி மேலிடத்திடம்.

அட்டவணையில் பொய் வரி எழுதியவர் அருளப்பன் என்று விசாரணை முடிவு கட்டியது. செத்தவர் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்? எஸ்கலின் வாயைத் திறக்கவில்லை.

ஆச்சு, நாற்பத்தொரு நாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முப்பிடாதி ஏழாம் அடுக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். தூத்துக்குடிக் கிடங்கில் வேலை பார்த்தவன், முப்பது வயசு. நாற்பது நாளும் ஒவ்வொரு தட்டாகக் கழுவி, துடைத்து, உலர்த்தியிருந்தான். முகம் தேய்ந்துபோயிருந்தது. ஆனால் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

"யக்கா, ஓடுது! தனியா மின்சாரம் குடுத்துப் பாத்தேன். தட்டு எல்லாம் உசுரோட இருக்கு. நானூத்திச் சொச்சம் பேருக்கும் ஒரு பிரதி இதுக்குள்ளதான்க்கா கெடக்கு."

எஸ்கலின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எத்தன நாள் வெளிய இருந்துச்சு?" என்றாள், தெரியாததுபோல.

"நாப்பத்தோரு நாளு."

"பத்து நாளுக்கு மேல வெளிய கெடந்த அடுக்கத் தொடைக்காமச் சேக்கக் கூடாது. விதி தெரியும்லா?"

அறை வாசலில் பெஞ்சில் இருந்த கிழவர் தலையைத் தூக்கினார். பெயர் தொம்மை. தூத்துக்குடி மீனவர், நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர். வெள்ளத்துக்குப் பிறகு திருநெல்வேலியில் மகள் வீட்டில் இருக்கிறார். தினமும் காலையில் வந்து இந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். அவர் கதையைக் கேட்ட நாளிலிருந்து லிவிங்ஸ்டன் அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிடுவார். இன்றைக்கும் எஸ்கலின் மேஜையில் அந்தத் தூக்குவாளி இருந்தது.

"என்ன விதி அது? எனக்கும் சொல்லுங்க" என்றார் தொம்மை.

முப்பிடாதி அவர் பக்கத்தில் போய்க் குந்தினான். "ஐயா, இங்க ஒண்ண அழிக்கணும்னா சும்மா அழிச்சிர முடியாது. பிரதி இருக்க எடத்துலயெல்லாம் 'இது செத்துப்போச்சு'ன்னு ஒரு கல்ல நட்டு வைப்போம். எல்லா மெஷினும் கல்லப் பாத்துத் தங்கிட்ட உள்ளதக் கழிச்சிரும். பத்து நாள் கழிச்சுக் கல்லையும் பிடுங்கிருவோம். அந்தப் பத்து நாளும் வராத மெஷின் ஒண்ணு பொறவு வந்துச்சுன்னு வைங்க, அதுக்குச் சாவுச் சேதியே தெரியாது. 'எங்கிட்ட இருக்கே, ஒங்ககிட்ட இல்லியா? இந்தா பிடி'ன்னு எல்லாத்துக்கும் குடுத்துரும். செத்தது எந்திச்சி வந்துரும்."

"வந்தா நல்லதுதானய்யா?"

"எங்களுக்கும் நல்லதுதான். வெள்ளத்துக்கு அப்புறம் இங்க யாரும் எதையும் அழிக்கல. தடை போட்டாச்சு. அதனால சேத்தா ஒரு கெடுதலும் இல்ல." எஸ்கலின் பக்கம் திரும்பினான். "இல்லியாக்கா?"

எஸ்கலின் கிடங்கு இயக்குநருக்குப் போன் போட்டாள். அவர் சென்னையில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். "விதி என்ன சொல்லுதோ அதச் செய்யுங்கம்மா, நாளைக்குப் பிரச்சினை வரக் கூடாது" என்று வைத்துவிட்டார். போதாதா? விதி அவள் பக்கம், இயக்குநர் அவள் பக்கம். இன்னும் கிடங்கில் சேராத அடுக்கைத் துடைக்க அழிக்கும் சாவியும் வேண்டாம், துடைத்தால் ஒருவரும் குறை சொல்ல முடியாது. சேர்த்தால், லிவிங்ஸ்டன் அடுத்த தடவை கண் விழிக்கும்போது பதினோரு நாளும் அவர் தலைக்குள் வந்து நிற்கும். மறுபடி அழிக்கலாம் என்றால் சாவி கையில் இல்லை.

"நம்ம ஆளுக கோப்ப மட்டும் தனியா உருவ முடியாதா?" என்று முப்பிடாதியிடம் கேட்டுப்பார்த்தாள்.

"தெரியாதமாரிக் கேக்கியளே. துண்டு துண்டாப் பூட்டிக் கெடக்கு. மத்த அடுக்குங்க கூட்டத்துல சேந்தாத்தான் பூட்டு தொறக்கும். சேக்கணும், இல்ல தொடைக்கணும்."

தொம்மை எழுந்து வாசற்படியில் வந்து நின்றார். "எம்மா, எனக்கு ஆறு வருசமும் வேண்டாம். மக கல்யாணம், பேத்தி பொறந்தது, அதெல்லாம் அவ சொல்லித் தெரிஞ்சிக்கிட்டேன். எம் பொஞ்சாதி லூர்து செத்துப்போனான்னு சொல்லுதா. நாலு வருசமாச்சாம். சரி. சாகும்போது நான் பக்கத்துல இருந்தேனான்னு கேட்டா, மகளுக்குத் தெரியல, அவ அப்ப மஸ்கட்ல. ஊர்ல கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுதாவ. அந்த ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும்மா. இருந்தேனா, இல்லையா?"

நாற்பது நாளாக இதே கேள்வி. எஸ்கலின் தினமும் "பாப்போம் ஐயா" என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

அவள் திரை பக்கம் திரும்பி, "கிடங்கு துடை அடுக்கு-7" என்று தட்டினாள். "வாசி முப்பிடாதி" என்றாள்.

அவன் நம்ப முடியாமல் அவளைப் பார்த்தான். பிறகு விதிப்படி நிமிர்ந்து நின்று வாசித்தான். "கிடங்கு... துடை... அடுக்கு ஏழு." நின்றுவிட்டான்.

"அடின்னு சொல்லு."

"என் வாயால வரமாட்டங்கு, யக்கா. ஆறு வருசமா ஒத்து வாசிக்கேன், ஒரு நாளும் இப்படி ஆனதில்ல. நீங்க வேற ஆளக் கூப்ட்டுக்கங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அருளப்பன் அண்ணாச்சி பாவத்த நாமளும் எதுக்குக்கா செய்யணும்?"

சீ, என்ன பிழைப்பு இது என்று எஸ்கலினுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. அருளப்பன் பாவமாம். அந்த மனுசன் கடைசிவரைக்கும் கதவைச் சாத்தித் தண்ணீரைத் தடுத்துக்கொண்டு நின்றாராம். தூக்குவாளியைப் பார்த்தாள். மூடியில் லிவிங்ஸ்டன் துணி கட்டி இறுக்கி வைத்திருந்தார், கிழவர் மேல் குழம்பு சிந்திவிடக் கூடாதென்று.

தட்டிய வரியை எழுத்தெழுத்தாக அழித்தாள். "கிடங்கு சேர் அடுக்கு-7" என்று தட்டினாள்.

முப்பிடாதி வாசிக்கவில்லை, கத்தினான். "கிடங்கு சேர் அடுக்கு ஏழு! அடிங்கக்கா!"

அடித்தாள். "இடம்: தென்காசி. சரியா?" என்று இயந்திரம் கேட்டது. பழைய வரி அட்டவணையில் அப்படியே இருந்தது. "திருநெல்வேலி" என்று திருத்தினாள். அடுக்கு நின்றது அந்த அறையில்தான். பிறகு "கிடங்கு நலமா" என்று கேட்டாள். திரை முழுக்கச் சிவப்பு. "நலமில்லை" என்று வந்தது. இரண்டு வருஷத்தில் அது சொன்ன முதல் உண்மை. எஸ்கலின் அந்தச் சிவப்பைத் தொடாமல் விட்டாள்.

துண்டுகள் சேர மூன்று மணி நேரம் பிடித்தது. தொம்மை தூக்குவாளிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பெஞ்சில் படுத்தார். கண்ணயர்ந்து எழுந்தால் பொட்டு கிடங்கைக் கேட்கும் என்று முப்பிடாதி சொல்லியிருந்தான். தூக்கம் வராமல் புரண்டு புரண்டு, ஒருவழியாகத் தூங்கினார். இரண்டு மணிக்கு விழித்தார். எழுந்து உட்கார்ந்து வெகு நேரம் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறு வருஷம் ஒரே மடக்கில் உள்ளே இறங்குகிறதென்றால் சும்மாவா? எஸ்கலினும் முப்பிடாதியும் பக்கத்தில் நின்றார்கள்.

"நான் இல்லம்மா" என்றார் கடைசியில். "பெரியாஸ்பத்திரி. பன்னு கேட்டா. வாங்கப் போனேன். பஸ் ஸ்டாண்டுல ஒரு பழைய கூட்டாளியப் பாத்து நின்னு பேசிட்டிருந்தேன். வந்தா முடிஞ்சிபோச்சு. பன்ன எங்க வைக்கதுன்னு தெரியாமக் கையில வச்சிட்டு நிக்கேன்."

"தெரியாமலே இருந்திருக்கலாமோ ஐயா" என்றான் முப்பிடாதி.

"போடா. எம் பொஞ்சாதி சாவுடா அது. எனக்குத் தெரிய வேண்டாமா?" கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டார். அழுகை அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே எஸ்கலினைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடை வாங்க முடியாமல் அவள் உள்ளே போய்விட்டாள்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். சனிக்கிழமை கடை பாதி நாள்தான். லிவிங்ஸ்டன் கூடத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு, சுவரோரம் உட்கார்ந்தாள். எழுப்பவில்லை. என்னவெல்லாம் கேட்பார் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். எல்லாக் கேள்விக்கும் ஆமா என்பதுதான் பதில். வெளியே குல்ஃபிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். அதில்தான் அவர் விழித்தார்.

எழவில்லை. மோட்டுவளையைப் பார்த்தபடி கிடந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தென்காசி முடிஞ்சிட்டா எஸ்கா?"

"இல்லங்க, முடியல."

"எத்தன நாள எடுத்த?"

"பதினொண்ணு."

அவர் தலையாட்டினார். கோபத்தைக் காணோம். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "நீங்க திட்டுங்க. நாலு வார்த்த கேளுங்க. அன்னைக்கே ஒரு வார்த்த ஏசியிருந்தா நான் அத மாத்தியிருப்பேன். 'ம்'னு மட்டும் சொன்னிய. ரெண்டு வருசமா நான் அந்த ஒரு 'ம்'முக்குச் செத்துட்டு இருந்தேன்."

லிவிங்ஸ்டன் எழுந்து உட்கார்ந்தார். "அது கோவம்னா நெனச்ச?"

அவள் நிமிர்ந்தாள்.

"இப்பதான் வந்துச்சு அந்த நாளு. இப்ப நடந்தமாரிப் பளிச்சுன்னு இருக்கு. ஊர்ல எல்லாருக்கும் மூணு, ஒங்களுக்கு மட்டும் அஞ்சு போட்டிருக்கேன்னு சொன்ன. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நிம்மதியா இருந்துச்சு எஸ்கா. நமக்கு ஒண்ணும் ஆவாது, யாருக்கு என்ன ஆனா என்னன்னு இருந்துச்சு. அந்தச் சந்தோசத்துலதான் 'ம்'னேன். அன்னைக்கு நல்லாத் தூங்கியிருக்கேன்."

எஸ்கலின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நடுநடுவுல கேட்டேனே, முடிஞ்சிட்டா முடிஞ்சிட்டான்னு? மத்தவனுக்காக இல்ல. கட்டடம் முடிஞ்சா எனக்குப் போட்ட அஞ்ச நீ மூணாக்கிருவியோன்னுதான்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்த நாப்பது நாளா எவனோ செஞ்ச தப்புன்னு நெனச்சிக்கிட்டு அந்தக் கெழவருக்குச் சோறு கட்டுதேன். பெரிய யோக்கியன்மாரி. கோயில்ல அருளப்பன் பொஞ்சாதி எதுக்க வந்தப்ப மூஞ்சியத் திருப்பிட்டுப் போனேன். போன ஞாயித்துக்கெழம!"

தன்னைத்தான் அவர் வெறுப்பார் என்று அவள் நினைத்திருந்தாள். இது அவள் கணக்கிலேயே இல்லை. நாற்பத்தொரு நாளும் ஒரு குற்றமும் அறியாத மனுசராக இந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தவரை அவள்தான் இன்று காலை ஒரே வரியில் திரும்ப இழுத்துவந்திருந்தாள். "நான் சேத்திருக்கக் கூடாது" என்று அழுதாள்.

"சேக்காம? தொம்மை ஐயாவுக்கு வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்ப சரி." ஆணியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான் மாற்றி மாட்டியது. அவிழ்த்து மறுபடி மாட்டினார். "முகத்தக் கழுவு. மொதல்ல அருளப்பன் வீட்டுக்குப் போவோம். அந்த அம்மாகிட்டச் சொல்லிட்டு, பொறவு விசாரண ஆபீசருக்குச் சொல்லுவோம். ரெண்டு பேரு பேரையும் சொல்லணும்."

அவள் முகம் கழுவி வந்தாள். அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார். பூட்டுப் போடும்போது கேட்டார்.

"இன்னைய நாளு இருக்குல்லா, அது எத்தன பிரதி?"

"மூணு."

"எல்லாருக்கும் மூணுதான?"

"எல்லாருக்கும் மூணுதான்."

அவர் "ம்" என்றார். தெருவில் இறங்கி நடந்தார்கள்.